கண்டவர் சொல்லும் காணாதவர் தீர்ப்பும்

உபுண்டு லினக்ஸின் வழுப் பதிவேட்டில் 2009-ஆம் ஆண்டுவாக்கில் பேசப்பட்ட ஒரு முறையீடு, அறிவின் வாயில்களை ஆராயும் அளவை நூல்களில் பழக்கமுள்ள எவரையும் நிறுத்தி யோசிக்க வைக்கும். ஓப்பன் ஆஃபீஸில் எழுதிய ஆவணங்கள் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அச்சாவதில்லை என்று ஒரு பயனர் தெரிவித்தார். இதை முதலில் கவனித்துச் சொன்னவர் அவருடைய மனைவி. கிழமைக்குத் தோஷம் கற்பிக்கும் பேச்சாகவே இது கேட்பவருக்குத் தோன்றும். ஆனால் அவர் சொன்னது உண்மை. அச்சுக்கு அனுப்பும்போது ஓப்பன் ஆஃபீஸ் போஸ்ட்ஸ்கிரிப்ட் வடிவில் ஒரு கோப்பை உண்டாக்கும். அதன் தலைப்பகுதியில் கோப்பு உருவான தேதியும், கிழமையின் ஆங்கிலப் பெயரில் முதல் மூன்று எழுத்துகளும் இருக்கும். ஒரு கோப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டறிய லினக்ஸில் ‘ஃபைல்’ என்றொரு சிறு நிரல் உண்டு. கோப்பின் குறிப்பிட்ட இடங்களில் குறிப்பிட்ட எழுத்துத் தொடர்கள் இருக்கின்றனவா என்று தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் வேலை. எர்லாங் என்ற நிரல்மொழியின் பழைய கோப்பு வகை ஒன்றுக்கு அடையாளமாக 1991-ஆம் ஆண்டின் ஒரு செவ்வாய்க்கிழமைத் தேதி அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த வரியில் இடைவெளிகள் முறைப்படி குறிக்கப்படாததால், முழுத் தேதிக்குப் பதிலாகச் செவ்வாயைக் குறிக்கும் மூன்று எழுத்துகள் மட்டுமே ஒப்பிடப்பட்டன. அதனால் செவ்வாயன்று பிறந்த அச்சுக் கோப்பு எர்லாங் கோப்பாகக் கணிக்கப்பட்டு, பிரிண்டரைச் சேராமலே போனது.

காரணம் தெரிந்தபின் இதில் புதிர் எதுவுமில்லை. காரணம் தெரிவதற்கு முந்திய நிலைதான் மெய்யியலுக்குரியது. அந்தப் பெண் சொன்னதைக் கேட்ட கணத்தில், கேட்டவருக்குக் கிடைத்தது அறிவா, வெறும் செய்தியா? தன் கண்ணால் ஒரு செவ்வாயன்று பார்த்த பிறகுதான் அது அறிவாயிற்று என்றால், பிறர் சொல் அறிவின் வாயில் ஆகாது. அறிவைத் தேடிப் போகத் தூண்டும் ஓசை மட்டுமே. கேட்டபோதே அறிவாயிற்று என்றால், முகம் தெரியாதவர் சொல்லும் எதையும் ஏற்கும் நிலைக்கு நாம் வந்துவிட மாட்டோமா? உலகெங்குமுள்ள முன்பின் அறியாதவர்கள் எழுதும் வழு அறிக்கைகளை வைத்தே கட்டற்ற மென்பொருள் திருந்தி வருகிறது. ஆகவே இந்தக் கேள்விக்கு நாம் தரும் விடை, அங்கே நாள்தோறும் எடுக்கப்படும் முடிவுகளைத் தீர்மானிக்கிறது. பிறர் சொல் தன்னளவிலேயே அறிவின் வாயில்தான், அதை மறுப்பவர் தம் காட்சியின் எல்லையை உலகின் எல்லையாக எடுத்துக்கொள்கிறார் என்பதே என் வாதம்.

தமிழில் இந்த வழக்கு பழையது. மணிமேகலையில் வஞ்சி மாநகரின் சமயக்கணக்கர்களிடம் மணிமேகலை ஒவ்வொருவராய்ப் பொருள் கேட்கும்போது, முதலில் பேசும் அளவைவாதி காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று தொடங்கிப் பத்து அளவைகளை அடுக்குகிறான். பின்னர் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குப் போதிக்கையில் காட்சியும் கருத்தும் ஆகிய இரண்டே போதும், மற்றவை கருத்தளவில் அடங்கும் என்கிறார். இது திக்நாகர் வழிவந்த பௌத்த அளவையின் நிலை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாச்சாரியார், பத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்று முடிக்கிறார். ஆக, தகராறு உரையைப் பற்றியது. பௌத்தர் அதைக் கருதலின் கிளையாக்குகிறார்: சொல்பவர் நம்பத்தக்கவர், ஆகவே சொன்னது மெய் என்று நாம் அனுமானிக்கிறோம், அவ்வளவே. நியாய நூலாரும் சைவ சித்தாந்தியும் உரைக்குத் தனி இருக்கை தருகிறார்கள்.

சித்தியாரின் உரையளவை இறைவன் அருளிய நூல்களையும் அவற்றின் மந்திர உபதேசங்களையும் குறிப்பது. அதைக் கணினிப் பழுது பற்றிய புகாருக்கு இழுத்து வருவது தகுமா என்று கேட்பவர் இருப்பார். அவர் கேள்வி நியாயமானது. ஆனால் நியாய சூத்திரமே உரையை இரண்டாகப் பகுக்கிறது: நாமும் சென்று காணக்கூடிய பொருளைப் பற்றிய சொல் ஒன்று, இவ்வுலகில் காண முடியாத பொருளைப் பற்றிய சொல் மற்றொன்று. வழு அறிக்கை முதல் வகையைச் சேர்ந்தது. அதற்கு உரையளவை என்ற தகுதியைத் தருவதால் வேதாகமங்களின் உயர்வு குறையாது. சொல் எவ்வாறு அறிவைத் தருகிறது என்ற ஒரே கேள்வி இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதத்தைப் பார்ப்போம். வழு அறிக்கை வந்ததும் மென்பொருளைப் பராமரிப்பவர் அதைத் தம் கணினியில் செய்து பார்க்கிறார். பழுது தோன்றவில்லை. ‘என் கணினியில் சரியாக இயங்குகிறது’ என்று எழுதி அறிக்கையை மூடிவிடுகிறார். மோசில்லா திட்டம் 1998-இல் வெளியிட்டுப் பலரும் பின்பற்றிய பக்ஸில்லா பதிவேட்டில் இதற்கென்றே ஒரு முடிவு நிலை வைக்கப்பட்டிருந்தது; கேடிஈ என்ற மேசைத்தளத் திட்டத்தின் பதிவேட்டிலும் அது உண்டு. இந்தச் செயலுக்குள் ஓர் அளவை ஒளிந்திருக்கிறது: காணப்படவில்லை, ஆகவே இல்லை. பழைய நூல்கள் இதை அபாவம் என்றும் அனுபலப்தி என்றும் பெயரிட்டு மிக நுணுக்கமாக ஆராய்ந்தன. மேசைமேல் குடம் இல்லை என்று பார்த்து அறியலாம். அங்கே பேய் இல்லை என்று பார்த்து அறிய முடியாது. குடம் இருந்திருந்தால் கண்ணுக்குப் பட்டிருக்கும். பேய் இருந்தாலும் படாது. இருந்திருந்தால் தெரிந்தே இருக்க வேண்டிய பொருள் தெரியாதபோது மட்டுமே, தெரியாமை இன்மைக்குச் சான்றாகும் என்பது அவர்கள் வகுத்த நிபந்தனை. இந்த நிபந்தனையை வைத்துப் பராமரிப்பவரின் தீர்ப்பை எடைபோட வேண்டும். அவருடைய கணினியில் வேறு கிராஃபிக்ஸ் அட்டை, வேறு டிரைவர். அவர் திரைக்காட்சிக்கு வேலண்டைப் பயன்படுத்துகிறார், முறையிட்டவர் எக்ஸ்11-ஐ. அவருடைய மொழி அமைப்பு ஆங்கிலம், முறையிட்டவருடையது தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி இடும் ஜெர்மன். அச்சு வழுவை அவர் புதன்கிழமை சோதித்திருந்தால், எத்தனை முறை செய்தாலும் தாள் ஒழுங்காக வெளியே வந்திருக்கும். பழுது இருந்திருந்தால் அந்தச் சூழலில் தோன்றியே தீரும் என்று காட்டாதவரை, அவர் சோதனை இன்மையை நிறுவாது. தாம் காணவில்லை என்பதை மட்டுமே அவர் அறிந்திருக்கிறார்; அந்த அறிவுக்கும் பழுது இல்லை என்னும் அறிவுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

இதையும் தாண்டிய ஒரு நிலை உண்டு. அது தமிழ் எழுத்தை நேரடியாகத் தொடுவது. கணினியின் நினைவகத்தில் ‘கொ’ என்பது ககரமும் அதன்பின் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் போய் நிற்க வேண்டும். லினக்ஸ் கணினிகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுதி செய்கிறது. ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆஃபீஸும் ஜினோம் மேசைத்தளப் பயன்பாடுகளும் அதையே நம்பியிருக்கின்றன. அதைப் பயன்படுத்தாத ஒரு டெர்மினலிலோ பழைய மென்பொருளிலோ கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். இந்தப் பழுதைத் தமிழ் அறியாத ஒரு நிரலர் தம் கணினியில் அப்படியே உருவாக்கிவிட முடியும். அவர் கண்முன் அது இருக்கும். இருந்தும் அவர் அதைக் காண மாட்டார். அளவை நூலார் காட்சியை இரண்டு படியாகச் சொல்வார்கள்: பெயர், இனம், குணம் எதுவும் சேராமல் வெறுமனே ஏதோ ஒன்று புலப்படும் நிலை நிர்விகற்பம், இன்னது, இத்தகையது என்று பிரித்தறியும் நிலை சவிகற்பம். தமிழ் அறியாதவருக்குக் கோடுகள் புலப்படுகின்றன. அவை தவறாக நிற்கின்றன என்பது புலப்படுவதில்லை. ஓர்க்கா திரைவாசிப்பானைக் கொண்டு கணினியை இயக்கும் பார்வையற்றவரின் நிலையும் இத்தகையதே. பெயர் சூட்டப்படாத ஒரு பொத்தானை அந்த வாசிப்பான் ‘பொத்தான்’ என்று மட்டும் சொல்லும். அதே பொத்தானின் மேலுள்ள சின்னத்தைப் பார்க்கும் நிரலருக்கு எந்தக் குறையும் தெரியாது. இவ்விடங்களில் மறுபடி செய்து பார்ப்பது பயன் தராது. அறிந்தவர் சொல்ல வேண்டும், அறியாதவர் அந்தச் சொல்லைக் கொண்டே அறிய வேண்டும். உரை கருதலுக்குள் அடங்கிவிடும் என்ற வாதத்துக்கு இதைவிடக் கடினமான சோதனையை நான் அறியவில்லை: பழுது எது என்பதையே சொல்பவரிடமிருந்து கற்றுக்கொள்ளும் ஒருவர், எதை அடையாளமாகக் கொண்டு அதை அனுமானிப்பார்?

ஆனால் முறையிடுவோர் அடிக்கடி தவறு செய்கிறார்களே என்ற எதிர்ப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. இதன் மிகக் கொடிய உதாரணம் டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில் நடந்தது. நினைவகப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்ட் என்ற கருவி, மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நிரல் தொகுதியில் தொடக்க மதிப்பு இடப்படாத நினைவகம் வாசிக்கப்படுகிறது என்று எச்சரித்தது. அது வழுவாக அறிவிக்கப்பட்டு, 2006-இல் அந்த எச்சரிக்கைக்குக் காரணமான வரிகள் டெபியனின் பொதியிலிருந்து விலக்கப்பட்டன. அந்த வரிகளில் ஒன்றுதான் மறைச்சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் எண்களுக்கு ஊற்று. அதன்பின் நிரலின் இயக்க எண் ஒன்றே மாறுபடும் பொருளாக எஞ்சியது. ஒரு கணினி வகைக்கும் ஒரு சாவி நீளத்துக்கும் ஏறத்தாழ 32,000 சாவிகளே பிறக்க முடியும் என்ற நிலை உண்டாயிற்று. 2008 மே மாதம் வரை எவருக்கும் தெரியாமல் இது நீடித்தது. உலகெங்கும் எண்ணற்ற சாவிகளைத் தூக்கி எறிந்து புதிதாக ஆக்க வேண்டி வந்தது. பிறர் சொல்லை நம்பியதன் பலன் இது என்று ஒருவர் காட்டலாம். ஆனால் எது பொய்த்தது என்று உற்றுப் பார்க்க வேண்டும். கருவி எச்சரித்தது என்ற காட்சி மெய். ஆகவே அந்த வரிகள் தேவையற்றவை என்ற கருதல்தான் பொய். கண்டதும் கருதியதும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டு ஒரே பொருளாக ஏற்கப்பட்டதில் கேடு விளைந்தது. அருணந்தியார் குற்றமற்ற காட்சிக்கு ஐயமும் திரிவும் நீங்கியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறார். காட்சிக்குள் கருதல் சத்தமின்றிப் புகுந்துகொள்வதே திரிவின் பெரும்பாலான வடிவம்.

பழுது சொல்வதில் தேர்ந்தவர்கள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். புட்டி என்ற மென்பொருளை எழுதிய சைமன் டாத்தம், வழுக்களை எப்படி அறிவிக்க வேண்டும் என்று 1999-இல் எழுதிய கட்டுரையில், நடந்த செய்திகளையும் உங்கள் ஊகங்களையும் கலக்காமல் எது எது என்று தெளிவாகச் சொல்லுங்கள் என்பதை மையமாக வைத்திருக்கிறார். ‘புதுப்பித்தபின் ஒலி டிரைவர் கெட்டுவிட்டது’ என்று எழுதுபவர் தம் கருதலைத் தருகிறார். ‘இந்தப் பதிப்பிலிருந்து அந்தப் பதிப்புக்கு மாற்றினேன்; மறுதொடக்கம் செய்தபின் ஹெட்ஃபோனில் ஒலி வரவில்லை, ஸ்பீக்கரில் வருகிறது; ஜர்னல்சிடிஎல் காட்டும் வரிகள் இவை’ என்று எழுதுபவர் காட்சியைத் தருகிறார். இரண்டாமவர் தவறான முடிவுக்கு வந்திருந்தாலும் அவர் சொல் கெடவில்லை. அதிலிருந்து இன்னொருவர் சரியான முடிவுக்குப் போகலாம். ஆகவே முறையீடுகளில் பிழை மலிந்திருப்பது உரையளவையை மறுக்கும் காரணம் ஆகாது. காட்சியிலும் பிழை மலிந்திருக்கிறது. அதற்காக எவரும் கண்ணை அளவையிலிருந்து நீக்கவில்லை. எந்த உரை தகுதியுடையது என்று பிரித்தறியும் இலக்கணமே நமக்குத் தேவை.

அந்த இலக்கணத்தைப் பற்றியே பௌத்தர் தம் அடுத்த கேள்வியைத் தொடுப்பார். சொல்பவரின் நம்பகத்தை முன்பே அறிந்திருந்தால் அவர் சொல்லை ஏற்கலாம். முதன்முறையாக ஒரு புனைபெயரில் எழுதுபவரை எதைக் கொண்டு நம்புவது? நியாய பாடியத்தில் வாத்ஸ்யாயனர் தரும் வரையறை இங்கே பெருந்துணை. பொருளை நேரில் அறிந்தவராகவும், அறிந்தபடியே பிறருக்குச் சொல்லும் விருப்பம் உடையவராகவும் இருப்பவர் ஆப்தர் என்கிறார் அவர். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்றும் சேர்த்துச் சொல்கிறார். குலமோ புகழோ பதவியோ அதில் இடம்பெறவில்லை. வேதத்துக்கு உயர்வு கூறும் ஒரு மரபு, அந்நியரின் வாய்ச்சொல்லுக்கும் அதே அளவுகோலை நீட்டியது என்பதை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே கருதுகிறேன். 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரம் இந்த வரையறையின் பொருத்தத்தை எடுத்துக்காட்டுகிறது. ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும் அந்தச் சுருக்கு நிரலில், ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்துப் பராமரிப்பாளர் என்ற நம்பிக்கையைப் பெற்று, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் இரகசியக் கதவு ஒன்றை நுழைத்தார். டெபியனின் நிலைப்படுத்தப்படாத பதிப்பில் வேறு வேலை செய்துகொண்டிருந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியே கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவிப் பார்த்தார். மார்ச் 29 அன்று அவர் வெளியிட்ட அறிக்கையில், தாம் பாதுகாப்பு ஆய்வாளர் அல்லர் என்பதைச் சொல்லி, எதைக் கண்டார், முதலில் எதைச் சந்தேகித்தார், பிறகு எது தெரிய வந்தது என்று பிரித்து வைத்தார். நற்பெயரைச் சான்றாகக் கொண்டிருந்தவர்களை அந்தப் பெயர் ஏமாற்றியது. கண்டதைக் கண்டபடி சொல்லும் முறை, பாதுகாப்புத் துறைக்கு வெளியே நின்ற ஒருவரை ஆப்தர் ஆக்கியது. அந்த அறிக்கையைப் படித்தவர்கள் தாமே எல்லாவற்றையும் சரிபார்க்கும்வரை காத்திருக்கவில்லை. விநியோகங்கள் உடனே பழைய பதிப்புக்குத் திரும்பின.

மனிதர் சொல்லே இனித் தேவையில்லை, இயந்திரமே தன் பழுதைச் சொல்லிவிடும் என்று நம்புவோரும் இருக்கிறார்கள். உபுண்டுவில் அப்போர்ட், ஃபெடோராவில் ஏபிஆர்டி, கேடிஈயில் டாக்டர் கொன்கி என்று இதற்கான கருவிகள் பல ஆண்டுகளாக உள்ளன. நிரல் திடீரென வீழ்ந்தால் அந்த நொடியில் எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற தடத்தை அவை சேர்த்து அனுப்புகின்றன. அவற்றின் பயனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் செவ்வாய்க்கிழமை அச்சு வழுவில் எந்த நிரலும் வீழவில்லை. ஒவ்வொன்றும் தனக்கு இடப்பட்ட கட்டளையைப் பிசகாமல் நிறைவேற்றியது. பழுது என்பது நடந்ததற்கும் நடந்திருக்க வேண்டியதற்கும் இடையிலுள்ள வேறுபாடு. இரண்டாவது, பயன்படுத்துபவரின் நோக்கத்தில் மட்டுமே இருக்கிறது. அந்த நோக்கம் கணினியின் எந்த ஜர்னலிலும் பதிவாவதில்லை. கொம்பு தவறிய எழுத்தை வரைந்த நிரலுக்கு, தான் தவறிழைத்தது தெரிய வழியே இல்லை.

எஞ்சியிருப்பது நேரம் பற்றிய எதிர்ப்பு. இம்மென்பொருள்களில் பலவற்றைப் பராமரிப்பவர்கள் ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள். உரிமங்களும் எந்த உத்தரவாதமும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. வரும் ஒவ்வொரு முறையீட்டுக்கும் பின்னால் அவர்கள் ஓட வேண்டும் என்று கேட்பது அநீதி, அப்படி நான் கேட்கவும் இல்லை. ஒன்றை அறிவாக ஏற்பது வேறு, அதன்மேல் உடனே செயல்படுவது வேறு. இந்த வேறுபாட்டை டெபியனின் வழுப் பதிவேடு தன் அமைப்பிலேயே காப்பாற்றி வைத்திருக்கிறது. அங்கே மறுபடி உண்டாக்க முடியவில்லை என்பது அறிக்கையின் மேல் ஒட்டப்படும் குறி மட்டுமே. கூடுதல் விவரம் தேவை என்பதும், திருத்தப்போவதில்லை என்பதும் அப்படியே. குறி ஒட்டியபின்னும் அறிக்கை திறந்தே இருக்கலாம். சிக்கல்களை மறைக்க மாட்டோம் என்று 1997-இல் அந்தத் திட்டம் ஏற்ற சமூக ஒப்பந்தத்தோடு இது பொருந்துகிறது. ஃபெடோரா ஆதரவு முடிந்த பதிப்பின் வழுக்களை மொத்தமாக மூடுகிறது. ஆனால் முன்னறிவிப்புத் தந்து, பதிப்பின் ஆயுள் முடிந்தது என்ற உண்மைக் காரணத்தைச் சொல்லி மூடுகிறது, முறையிட்டவர் புதிய பதிப்பிலும் கண்டால் அதற்கு மாற்றிக்கொள்ள வழி விடுகிறது. நேரமில்லை என்று சொல்லி நிறுத்துவது நேர்மையானது. நேரமில்லாததால் பழுது இல்லை என்று பதிவது அறிவைப் பொய்யாக்குவது. அதே பழுதைக் கண்டு தேடி வரும் அடுத்தவர், முடிந்துபோன வழக்கு என்று எண்ணித் தாம் கண்டதையும் சொல்லாமல் போய்விடுவார். திறந்தே கிடக்கும் பட்டியல் நீண்டு தொண்டர்களின் மனத்தைத் தளர்த்தும் என்பது உண்மைதான். கடுமையின் அளவால் பிரித்து வைத்தால் அந்தச் சுமை பெரிதும் குறைகிறது. டெபியனில் நெருக்கடியான வழுவிலிருந்து வெறும் விருப்பம் வரை ஏழு படிகள் உள்ளன. ஜினோமின் கோப்புத் தேர்வுப் பெட்டியில் படங்களைச் சிறு உருவாகக் காட்ட வேண்டும் என்ற வேண்டுகோள் 2004-இல் பதியப்பட்டு, இடையில் பதிவேடே வேறொரு மென்பொருளுக்கு மாறிய பிறகும் நிலைத்திருந்தது. 2023 மார்ச்சில் வெளியான ஜினோம் 44-இல் அந்த வசதி பயனர்களுக்குக் கிடைத்தது.